முதல் பெயர்

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருந்தோம். பரணில் கிடந்ததையெல்லாம் இறக்கிக் கூடத்தில் பரப்பினால், இந்தச் சின்ன வீட்டுக்குள்ளா இத்தனை சாமான் இருந்தது என்று மலைப்பாக இருந்தது. அதில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே மை காய்ந்த பேனாக்கள், தீர்ந்துபோன சாப்பாட்டுக் கூப்பன் புத்தகத்தின் மேலட்டை, ஒரு பித்தளை வில்லை, பாம்புச் சட்டை மாதிரி சுருண்டு கிடந்த நீல நாடா. நாடாவின் நுனியில் என் முதல் ஆபீசின் அடையாள அட்டை.

மகள்தான் முதலில் எடுத்தாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கடைப் பலகையோ மருந்துச் சீட்டோ, கண்ணில் பட்டதைச் சத்தமாகப் படிக்காமல் அவளால் இருக்க முடியாது.

"அம்மா, போட்டோ உன்னுது. பேரு தாத்தா பேரு போட்டிருக்கு. தாத்தா உன் ஆபீஸ்லயா வேலை பார்த்தாரு?"

"இல்லடி" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அவளிடம் சட்டென்று விளக்கிச் சொல்ல வரவில்லை.

அட்டையின் பிளாஸ்டிக் மஞ்சள் பூத்திருந்தது. படத்தில் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போல ஒரு பெண். அவளுக்குக் கீழே பெரிய ஆங்கில எழுத்தில் சுடலைமுத்து. அதற்கும் கீழே, மிச்சமிருந்த இடத்தை வீணாக்க வேண்டாமே என்று போட்டது போலப் பொடி எழுத்தில் செல்வி.

நான் சு. செல்வி. கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டிலும் அப்படித்தான், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் அப்படித்தான். வேலையில் சேர்ந்த அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். ஃபர்ஸ்ட் நேம் என்று ஒரு கட்டம், லாஸ்ட் நேம் என்று ஒரு கட்டம். இனிஷியலுக்குக் கட்டம் எங்கே என்று முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன், இல்லை. என் பெயரில் முதலில் வருவது சு. அதை விரித்தால் சுடலைமுத்து. கடைசியில் வருவது செல்வி. கேட்ட கேள்விக்குக் கேட்டபடியே பதில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பதிலில் தப்பு இருப்பதாக இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வாரத்தில் மின்னஞ்சல் முகவரி வந்தது. சுடலைமுத்து புள்ளி செல்வி. பதறிப்போய் எச்.ஆரில் கேட்டேன். அங்கிருந்த பெண் அன்பாகத்தான், "டிக்கெட் போடுங்க" என்றாள். போட்டேன். இந்தப் பெயரிலேயே கிளையண்ட் பக்கம் ஆக்சஸ் வாங்கியாகிவிட்டது, மாற்றினால் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து வாங்க வேண்டும், ஆறு வாரம் ஆகும் என்று இரண்டு வரி பதில் எழுதி டிக்கெட்டை மூடிவிட்டார்கள். சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத பிள்ளை அதற்கு மேல் என்ன பேசும்?

ஆபீஸ் டைடல் பார்க்கில். டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து கட்டியதால் இரண்டின் பெயரையும் வெட்டி ஒட்டி டைடல் என்று வைத்தார்களாம். 2000 இல் திறந்த கட்டடம். நான் போய்ச் சேர்ந்தபோது அதன் 13 மாடியும் புதுப் பாத்திரம் போல மின்னிக்கொண்டிருந்தன. ஷேர் ஆட்டோக்காரர்கள் "டைடல், டைடல்" என்று கூவுவார்கள். ஏறி உட்கார்ந்ததும் நம் கழுத்து நாடாவைப் பார்த்துவிட்டு, "பொட்டி தட்டுறவங்களுக்கு என்னா, ஏசியில உக்காந்துக்கினு" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஏசியைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. கோவில்பட்டி கரிசல் வெயிலில் வளர்ந்த நான் என் வாழ்நாளின் முதல் ஸ்வெட்டரை சென்னையில், அதுவும் மே மாதத்தில் வாங்கினேன்.

எங்களுக்கென்று ஒரு தனிக் கூடம். ஓ.டி.சி. என்பார்கள். அட்டையைத் தேய்த்தால்தான் கதவு திறக்கும். பக்கத்துக் கூடத்து ஆள் காபி குடிக்கக்கூட உள்ளே வரக் கூடாது. நியூ ஜெர்சியில் இருந்த ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வேலை முழுவதும் இந்தக் கூடத்துக்குள் நடந்தது. கதவைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் நாற்காலி, மேசை, மூலையில் வைத்த செடி வரை அமெரிக்கக் கிளைக் கணக்கு. டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்த தயிர்ச் சாதம் மட்டும் நம்முடையது.

வேலை மெயின்ஃப்ரேமில், கோபால் மொழியில். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அப்பா கேட்டார், "அங்க என்ன செய்யுத?" "கோபால்ல எழுதுறேம்ப்பா." "கோபால் யாரு, ஒங்க மேனேஜரா?" விளக்கிச் சொன்னேன். ஆனாலும் கடைசி வரை அவர், "கோபாலு எப்படி இருக்கான்?" என்றுதான் விசாரித்துக்கொண்டிருந்தார். விளையாட்டாகக் கேட்கிறாரா நிஜமாகவா என்று கண்டுபிடிக்க முடியாத முகம் அவருக்கு.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் அந்த உலகத்தில் நுழைய ஒரு குறிப்பெயர் வேண்டும். டி.எஸ்.ஓ. ஐ.டி. அப்போதெல்லாம் அது ஏழு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. சுடலைமுத்து என்பதை ஆங்கிலத்தில் எழுதி ஏழாம் எழுத்தில் நறுக்கினால் சுடலை. அளவெடுத்துத் தைத்தது போல ஏழே எழுத்து. முத்துவும் போயிற்று, செல்வியும் போயிற்று.

அன்று முதல் நான் சுடலை. கடல் தாண்டி இருந்தவர்கள் அதை ஸூடலாய் என்று இழுத்தார்கள். செல்வி என்று மூன்றே எழுத்தில், எந்த நாக்கும் சுளுக்காத ஒரு பெயர் கையில் இருக்க, இவர்கள் பாடுபட்டு ஸூடலாய் என்று அழைக்கிறார்களே என்று எனக்கு இரக்கமாகக்கூட இருந்தது. முதல் நாள் கான்ஃபரன்ஸ் காலில், மேசை நடுவில் எட்டுக்கால் பூச்சி மாதிரி உட்கார்ந்திருந்த ஃபோனிலிருந்து, "இஸ் ஸூடலாய் தேர்?" என்று குரல் வந்தபோது நான் பதிலே சொல்லவில்லை. அப்பாவை யாரோ தேடுகிறார்கள் என்று ஒரு நொடி நிஜமாகவே நினைத்தேன். பக்கத்தில் இருந்தவன் முழங்கையால் இடித்தான்.

இந்தப் பெயர் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வெறும் பெயரில்லை. சுடலைமாடன் காவல் தெய்வம். வருஷத்துக்கு ஒரு கொடை உண்டு, வில்லுப்பாட்டு உண்டு. இரவு வேட்டைக்குச் சாமியாடி போகும்போது பிள்ளைகள் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க வேண்டும். ஒருமுறை கொடைக்கு லீவு கேட்டேன். நியூ ஜெர்சியில் எங்களுக்குத் தலைமையாக இருந்த பெரியவர், என்ன திருவிழா, எந்தக் கடவுள் என்று ஆர்வமாக விசாரித்தார். கடவுளின் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "உன் பெயரில் ஒரு கடவுளே இருக்கிறாரா!" என்றார். அந்த லீவு மறுபேச்சில்லாமல் கிடைத்தது.

பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எழுதிய நிரலைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டோம். அதற்குள் அவர் 1978 இல் எழுதி வைத்த குறிப்புகள் அப்படியே இருந்தன. நான் பிறப்பதற்கு முந்தைய வருஷம். இன்ன வரியைத் தொடாதே, தொட்டால் வருஷக் கடைசிக் கணக்கு உதைக்கும் என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்லி வைத்திருப்பார். நானும் தொட்டதில்லை. அங்கே இரவில் ஓடும் வேலைகளுக்கு இங்கே பகலில் காவல் இருப்பதுதான் எங்கள் பிழைப்பு. இரண்டு ஊருக்கும் பொழுது தலைகீழாக இருப்பதை வைத்துத்தான் இந்தத் தொழிலே நிற்கிறது. நடுவில் ஏதாவது ஒன்று படுத்துக்கொண்டால் எழுப்பி ஓடவிட வேண்டும். பெரும்பாலும் சாக் செவனாகத்தான் இருக்கும். எண் இருக்க வேண்டிய கட்டத்தில் எழுத்தோ குப்பையோ வந்து உட்கார்ந்துகொண்டால் மெயின்ஃப்ரேம் அந்தப் பெயரில் முரண்டு பிடித்து நின்றுவிடும். கட்டம் மாறி உட்கார்ந்ததற்கு மெஷினே இந்தப் பாடு படுத்துகிறது, நான் மட்டும் எட்டு வருஷமாகத் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

கூடத்துச் சுவரில் மூன்று கடிகாரங்கள். சென்னை, லண்டன், நியூ ஜெர்சி. லண்டனுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இரண்டு மட்டும் மாட்டினால் சுவர் மூளியாகத் தெரியும் என்று மாட்டியிருக்க வேண்டும். நம் ஊர்க் கடிகாரம் வருஷம் முழுக்க ஒரே சீராக ஓடும். அவர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு மணி நேரத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுத்துக்கொள்வார்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் 9.30 மணி நேர வித்தியாசம், குளிரில் 10.30. அவர்களுடைய காலை 9 மணிக் கூட்டம் நமக்குக் கோடையில் மாலை 6.30. நவம்பர் பிறந்தால் 7.30. அவர்கள் கடிகாரத்தைத் திருப்புவதும் சென்னையில் பருவமழை பிடித்துக்கொள்வதும் ஏறக்குறைய ஒரே சமயம். வேளச்சேரியில் முழங்கால் தண்ணீரில் இரவு பத்து மணிக்குச் செருப்பைக் கையில் பிடித்து நடந்தபோதெல்லாம், எங்கோ ஒருவர் முள்ளைத் திருப்பியதற்கு நான் நனைகிறேனே என்று எரிச்சலாக வரும்.

இந்த மாற்றம் என்றைக்கு வரும் என்று எங்களில் ஒருவருக்கும் நினைவிருக்காது. ஹவுஸ்கீப்பிங் அண்ணனுக்கு மட்டும் இருக்கும். நாற்காலி போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றித் துடைத்து, முள்ளைத் திருப்பி மாட்டிவிட்டு, "இன்னிலேருந்து உங்களுக்கு லேட்டு பாப்பா" என்பார். 2007 இல் அமெரிக்க அரசாங்கம் ஏப்ரல் மாத மாற்றத்தை மூன்று வாரம் முன்னுக்கு, மார்ச்சுக்கு இழுத்துவிட்டது. தேதியை நம்பி ஓடிய நிரல்களையெல்லாம் தேடித் தேடித் திருத்தினோம். இரண்டு மாதம் கண் எரிய வேலை. எல்லாம் சரிபார்த்து முடித்த அன்று நிமிர்ந்து பார்த்தால் சுவரில் நியூ ஜெர்சி பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை. "ஏப்ரல்லதானே வரும்?" என்று அவர் எங்களைத் திருப்பிக் கேட்டார்.

அப்பாவுக்கு இந்த நேரக் கணக்கு சட்டென்று பிடிபட்டது. அவர் மில் தொழிலாளி. பகல் ஷிப்டு, அரை நைட்டு, முழு நைட்டு என்று வாராவாரம் மாறிப் பழகிய உடம்பு. மில் சங்கு ஊதினால்தான் எங்கள் தெருவில் உலை வைப்பார்கள். "அப்போ ஒனக்கு நியூ ஜெர்சியில சங்கு ஊதுது" என்றார். இதைவிடச் சுருக்கமாக என் வேலையை யாரும் சொன்னதில்லை.

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டாள். அந்தத் தலைமுறையில் யாருமே சொல்லவில்லை, அவள் மட்டும் சொல்வாளா? ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் என் தோளைத் தட்டுவாள், நான் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் இல்லாவிட்டால், "நம்ம மாடசாமி கோயில் இருக்குல்லா, அந்தச் சாமி பேரு, கூட ஒரு முத்து" என்று புதிர் போடுவாள். ஒருமுறை பெரியாஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் இந்தப் புதிரை விடுவித்து மாடசாமிமுத்து என்று எழுதிவிட்டார். அந்தப் பெயரிலேயே மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைகளும் அப்பா பெயரை வாய்விட்டுச் சொன்னால் மட்டுமரியாதை இல்லாத பிள்ளை. யாராவது கேட்டால் மட்டும், அதுவும் குரலைத் தாழ்த்தி.

அப்படிப்பட்டவள் சீனி அவரைக்காய் வற்றலும் கடலைமிட்டாயும் கட்டிக்கொண்டு ஒரு மழைக்கால மாதம் வேளச்சேரி வந்திருந்தாள். அப்போது லேப்டாப் கொடுத்துவிட்டிருந்தார்கள். சில நாள் வீட்டிலிருந்தே காலில் பேசலாம். சமையலறையில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். "குட் ஈவினிங், ஸூடலாய்." வெங்காயம் உரிக்கிற சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடி, "ஸூடலாய், கேன் யூ ஹியர் மீ?" அம்மா வாசற்படியில் வந்து நின்றாள், கையில் கத்தியோடு.

"ஏட்டி, யாரு அவன்? ஒங்கப்பா பேரைச் சொல்லிக் கூப்புடுதான்?"

நான் மைக்கை அணைத்துவிட்டு விளக்கினேன். படிவம், முதல் பெயர், ஏழு எழுத்து எல்லாம். அவளுக்கு ஏழு எழுத்து கணக்கு புரிந்திருக்காது. "எத்தனை வயசிருக்கும் அவனுக்கு?" என்று கேட்டாள். அறுபது இருக்கும் என்றேன். "அப்பம் சரி. ஒங்கப்பாவுக்கு மூத்தவன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ராத்திரி வண்டிக் கதை ஒன்று. எட்டு மணிக்கு மேல் போனால் ஆபீஸ் வண்டி. பெண்களைக் கடைசி ஆளாகத் தனியே இறக்கக் கூடாது, இறக்க நேர்ந்தால் காவலர் ஒருவர் உடன் வர வேண்டும் என்பது ஆபீஸ் விதி. ஒருநாள் நான் போனால் வண்டியில் காவலரைக் காணோம். ஓட்டுநர் புது ஆள். டிரிப் ஷீட்டையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சுடலைமுத்துன்னு போட்டிருக்கு. மீசை வச்ச ஆளு ஒருத்தர் வருவாருன்னுல்லா பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். டிரான்ஸ்போர்ட்டில் யாரோ பெயரைப் பார்த்து ஆம்பிளை என்று குறித்து, என்னைக் கடைசி டிராப்பாகவும் போட்டுவிட்டிருந்தார்கள். அவரே ஃபோன் போட்டுச் சண்டை பிடித்தார். காவலர் வரும் வரை வண்டியை எடுக்கமாட்டேன் என்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டார். காத்திருந்த முக்கால் மணி நேரத்தில், "நமக்கு எந்தப் பக்கம்?" என்றார். அவருக்கு ஏரல். சுடலைமுத்து என்கிற பெயர் எழுதிய ஷீட்டைக் கையில் வாங்கியபோதே ஊர்க்காரர் என்று தெரிந்துபோயிற்றாம். அதற்குப் பிறகு அவர் அந்த ஆபீசில் ஓட்டிய வரைக்கும் என்னை மேடம் என்றதில்லை. சுடலை அக்கா.

கல்யாணம் ஆனதும் எச்.ஆரிலிருந்து ஒரு கடிதம் வந்தது, லாஸ்ட் நேம் மாற்ற விருப்பமா என்று கேட்டு. என் லாஸ்ட் நேம் கட்டத்தில் இருப்பது செல்வி. அதை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைப் போட்டால் அட்டையில் அப்பாவும் கணவரும் இருப்பார்கள், நான் இருக்கமாட்டேன். விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

வருஷம் ஒருமுறை குடும்ப நாள் என்று வைப்பார்கள். பலூன், பாப்கார்ன், பிள்ளைகளுக்குப் படம் வரையும் போட்டி. அப்பா ரிட்டயர் ஆகியிருந்தார். வெள்ளை வேட்டியை நீலம் போட்டுத் துவைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் காவலர் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"யாரைப் பார்க்கணும் பெரியவரே?"

அப்பா என் பெயரைச் சொல்ல, கணினியில் அப்படி யாரும் இல்லை என்றார்கள். நான் கொடுத்தனுப்பியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "சுடலைமுத்து" என்றார்.

"சரி. உங்க பேரு?"

"சுடலைமுத்து."

"ஐயா, பார்க்கப் போறவங்க பேரு எழுதியாச்சு. உங்க பேரைக் கேக்குறேன்."

நான் கீழே இறங்கி வருவதற்குள் மூன்று காவலர் கூடிவிட்டார்கள். அப்பா பதற்றமே இல்லாமல், "நாந்தான்யா அது, அதுவும் நாந்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கூடத்துக்குள் வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மெஷின் எங்க ஓடுது?" என்றார். நியூ ஜெர்சியில் என்றேன். "மெஷின் அங்க, ஆளு இங்க. நூல் அந்தா எப்படிட்டி ஒட்டுத?" என்று கேட்டார். பஞ்சாலையில் நூல் அறுந்தால் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். அவருக்கு அதுதான் வேலை. ஏறக்குறைய என் வேலையும் அதுதான் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். பஞ்சுத் தூசி இல்லாத, இரைச்சலும் இல்லாத கூடத்தை அவரால் வேலை நடக்கும் இடமாக நம்ப முடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. என் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார். மேசையில் ஒட்டியிருந்த பெயர்ப் பலகையை மட்டும் குனிந்து பார்த்தார். அவருக்கு ஆங்கில எழுத்துக் கூட்டத் தெரியும். விரலை வைத்துக் கூட்டினார்.

மத்தியானம் கேன்டீனில் சாப்பிடும்போது சட்டைப் பையிலிருந்து அந்தப் பித்தளை வில்லையை எடுத்து என் தட்டுப் பக்கம் வைத்தார். மில் டோக்கன். 417. ரிட்டயர் ஆன அன்று திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது. "முப்பத்தாறு வருசம் நானூத்திப் பதினேழு. சம்பளத்துக்கும் அந்த நம்பர், மேஸ்திரி வைறதுக்கும் அந்த நம்பர்" என்றார். பிறகு சாம்பாரை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "ஒங்க ஆபீசுல பரவால்ல, பேரு சொல்லித்தான கூப்புடுதானுவ" என்றார். ஆபீஸ் சாம்பாரில் உப்பு இல்லை என்றும் சொன்னார். அது உண்மை.

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்ததற்குப் பிறகு ஒரு வருஷம் எங்கள் கூடம் பாதி காலி. ரிசோர்ஸ், ரிசோர்ஸ் என்று மனிதர்களைச் சொல்வது அதற்கு முன்னாலும் உண்டு. அந்த வருஷம்தான் அந்தச் சொல் காதில் உறுத்தியது. வெள்ளிக்கிழமை வரை பக்கத்தில் தயிர்ச் சாதம் சாப்பிட்டவர் திங்கட்கிழமை இருக்கமாட்டார். என்னைத் தொடவில்லை. 1978 குறிப்புகளைப் படிக்கத் தெரிந்தவர் இங்கே நான் ஒருத்திதான் என்பதால் இருக்கலாம்.

அதற்கு அடுத்து ஒரு தை மாதம் பெரியவர் சென்னைக்கு வந்தார். வாசலில் கோலம், ரோஜா மாலை, மாமல்லபுரம் என்று வருகிற எல்லாருக்கும் செய்கிற மரியாதை அவருக்கும் நடந்தது. நான் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொடுத்தேன். 2020 இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதைக் கொடுப்பதில் ஒரு கெத்து வந்திருக்கிறது. அப்போது அது வெறும் ஊர்ப் பண்டம். கடித்துப் பார்த்துவிட்டு, எங்கள் பாட்டியும் இதைச் செய்வாள் என்று சொன்னார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வேர்க்கடலையும் பாகும் அவர்கள் ஊரிலும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்பா போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில். முதல் நாள் ராத்திரி வரை நன்றாக இருந்தவர். யாரிடமும் சொல்லக்கூட நேரமில்லாமல் ரயிலேறினேன். ஆபீசில் என் குழுவினர் அந்தப் பக்கம் தகவல் சொல்லியிருக்கிறார்கள். நாலாம் நாள் திண்ணையில் உட்கார்ந்து மின்னஞ்சலைத் திறந்தேன். பெரியவர் எழுதியிருந்தார். நீளமான, கைக்கடிதம் போன்ற கடிதம். அன்புள்ள சுடலை என்று தொடங்கி, உன் தந்தையின் மறைவு அறிந்து வருந்துகிறேன் என்று.

எனக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. துக்கத்துக்கு வந்திருந்த பெரியம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எழுந்து புறவாசலுக்குப் போய்விட்டேன்.

சென்னை திரும்பியதும் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அதுவரை பத்து வருஷம் ஏன் சொல்லவில்லை என்றால், முதல் வருஷம் கூச்சம், அதற்குப் பிறகு காலம் கடந்துவிட்டது. ஃபோனில் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு என் பெயரைக் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டார். இரண்டு நாள் முயன்றும் பார்த்தார். செல்வி என்று தொடங்குவார், இரண்டாம் வாக்கியத்தில் ஸூடலாய் வந்துவிடும், உடனே மன்னிப்புக் கேட்பார். மூன்றாம் நாள், விட்டுவிடுங்கள், வருகிறபடி வரட்டும் என்றேன்.

அம்மா அந்த வருஷமே எங்களோடு வந்துவிட்டாள். சாயங்காலம் கால் நேரமானால் காய் அரிகிற தட்டைத் தூக்கிக்கொண்டு நான் இருக்கும் அறைக்கு வந்து உட்காருவாள். காதில் மாட்டிக்கொண்டு பேசினால் பிடிக்காது. "அந்த டப்பாவைச் சத்தமா வச்சுப் பேசேன், ஒண்ணும் கேக்கல" என்பாள். ஆங்கிலத்தில் எஸ், நோ தவிர ஒரு சொல் தெரியாதவளுக்கு என்ன கேட்க வேண்டியிருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. காது மந்தமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் பெரியவர் ஓய்வுபெற்றார். நானும் வேறு கம்பெனிக்கு மாறினேன். புது இடத்துப் படிவத்தில் கவனமாக எழுதினேன். இப்போது எல்லாருக்கும் நான் செல்வி. என்னில் பாதி வயதுப் பிள்ளைகள்கூட அக்கா சேர்க்காமல் செல்வி என்றே கூப்பிடுகிறார்கள். சுவரில் கடிகாரம் இல்லை, திரை மூலையில் எல்லா ஊர் நேரமும் தெரிகிறது. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. அம்மா சில நாள் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். "அந்த வெள்ளக்காரன் ஏன் இப்பம் பேசுறதில்ல?" என்று ஒருமுறை கேட்டாள். ரிட்டயர் ஆகிவிட்டார் என்றேன். பிறகு அந்த நேரத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

மகள் அட்டையை எடுத்துக்கொண்டு நேரே பாட்டியிடம்தான் போனாள். சாமான்களுக்கு நடுவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, படத்தை விரலால் துடைத்தாள். "இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்கே, என்னது, படி" என்றாள். இவள் வழக்கம்போல வீடு அதிரப் படித்தாள்.

"சுடலைமுத்து."

"சரியாக் கேக்கல. இன்னொருக்கப் படி."

மகள் மறுபடி படித்தாள். போன மாசம்தான் அம்மாவைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். ஹெட்ஃபோன் மாட்டிச் சோதித்துப் பார்த்துவிட்டு, இரண்டு காதிலும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.